பரதநாட்டியத்துக்கு நட்டுவாங்கம் (ஜதி சொல்லித் தாளம் போடுவது), மிருதங்கத்துக்கு ஆள் வேண்டும் (வட சென்னை)

வணக்கம். தங்கை மகளுக்குத் தை மாதம் திருவொற்றியூரில் சலங்கை பூஜை (முதன்முதலாகச் சலங்கை கட்டி ஆடும் நிகழ்ச்சி). இதுவரை பென்டிரைவ் பாட்டுக்குத்தான் ஆடுகிறாள். வர்ணத்தில்தான் (நிகழ்ச்சியின் நீளமான, முக்கியமான உருப்படி) சிக்கல். திரிகால ஜதி (மூன்று வேகத்தில் ஆடும் ஜதி) முடிந்து பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலும் பாட்டு நிற்காமல் அது பாட்டுக்குப் போய்விடும். நட்டுவனார் (நட்டுவாங்கம் செய்பவர்) இருந்தால் அவள் காலைப் பார்த்தே வேகத்தைப் பிடிப்பார்; சஞ்சாரியில் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துக் காட்டும் இடம்) அபிநயம் முடியும்வரை பாடகர் அதே வரியைத் திரும்பப் பாடுவார்.

பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் நாலுக்கும் ஆள் வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் யாராவது தெரியுமா? மயிலாப்பூரிலிருந்து கூப்பிட்டால் வண்டிச் செலவே எகிறுகிறது. ஒத்திகைக்கும் வரவேண்டும், அது முக்கியம். சன்மானம் எவ்வளவு கேட்பார்கள் என்றும் சொல்லுங்கள். கை கடித்தால் வயலினை மட்டும் விட்டுவிடலாமா? ஆடின அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கப்பா.