நைட் ஷிஃப்ட் வாரத்தில் மலை ஏறலாமா?

பல்லடத்திலிருந்து எங்களோடு சைக்கிள் ஓட்ட வரும் தம்பி ஒருவனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் நெருக்கினால் வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட். அப்படியொரு வாரம் முடிந்த கையோடு கோத்தகிரி ஏற வந்துவிட்டான். மேட்டுப்பாளையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் ஏற்றம்.

பாதி வழியில் கைக்கடிகாரத்தைக் காட்டினான். "அண்ணா, எவ்வளவு மிதிச்சாலும் ஹார்ட் ரேட் ஏறவே மாட்டேங்குதுங்க. ஃபிட்னஸ் கூடிருச்சாட்ட இருக்குது!"

எனக்குப் பயமாகிவிட்டது. வழக்கமாக எனக்கு முன்னால் போகிறவன் அன்றைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அதே வேகத்தில் துடிப்பு குறைந்தால் தேர்ச்சி என்று சொல்லலாம். வேகமும் விழுந்து, காலும் கனத்து, துடிப்பும் ஏற மறுத்தால் அது பல நாள் சேர்ந்த அசதி. காலையில் எழுந்ததும் பார்க்கிற துடிப்பு எப்படி என்று கேட்டேன். சில நாளாகவே கூடுதலாம். அத்தோடு திரும்பி இறங்கிவிட்டோம்.

உயர்மட்ட வீரர்களின் பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் லேசானவை என்று உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் ஆராய்ந்து சொன்னதை நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த வீரர்கள் மிதித்து முடித்ததும் போய்ப் படுப்பார்கள். இவன் ராத்திரியெல்லாம் மெஷினருகே நிற்கிறான். வேலையின் களைப்பும் மேட்டின் களைப்பும் ஒரே காலில்தானே இறங்குகின்றன? ஷிஃப்டையும் கடினப் பயிற்சியாகவே கணக்கில் எழுதச் சொன்னேன்.

இப்போது நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவன் மலைப்பக்கம் போவதில்லை. பகலில் நன்றாகத் தூங்கி எழுந்து, சாயங்காலம் கொஞ்ச தூரம் மட்டும். ஷிஃப்ட் மாறி, இரண்டு ராத்திரி ஒழுங்காகத் தூங்கிய பிறகுதான் ஏற்றம்.

ஆனி, ஆடியில் இன்னொரு சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பொள்ளாச்சியைப் பார்த்துப் போனால் முகத்தில் அறையும். அதில் வழக்கமான வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் லேசான நாள் அப்போதே கெட்டது. கியரை இறக்கிவிட்டு, பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மிதித்தால் போதும். வேகம் எவ்வளவு விழுந்தாலும் விழட்டும். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

தறி ஓட்டிக்கொண்டும் ஃபவுண்டரி வேலை பார்த்துக்கொண்டும் மலை ஏறுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஷிஃப்ட் மாறுகிற வாரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்க. அந்தத் தம்பிக்கும் காட்டுகிறேன்.