கர்த்தர் பேசினார் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

நடுவரிசை

சாட்சி சொல்கிறவர்களின் கதை எப்போதும் ஒரே மாதிரி முடிகிறது. போ என்று உள்ளத்தில் ஏவுதல் வந்தது, போனேன், கதவைத் திறந்தவர் அன்றைக்குத்தான் சாக முடிவெடுத்திருந்தார், பிழைத்துக்கொண்டார். எனக்கு நடந்தது அப்படி முடியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

வேலை முடிந்து பையை எடுத்தாயிற்று. மூன்று மேசை தள்ளி இருந்த பெண்ணிடம் போய்ப் பேசு என்று ஓர் எண்ணம். சத்தம் எல்லாம் கிடையாது, நாம் பாரம் என்று சொல்வோமே, அது. அவருக்கும் எனக்கும் வணக்கம் சொல்லும் பழக்கம்கூட இல்லை. லிஃப்ட் வரைக்கும் போனேன், விடவில்லை, திரும்பி வந்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன்?" என்றார்.

அந்த "ஏன்" இன்னும் காதில் இருக்கிறது. "சும்மாதான்" என்றேன். "நல்லா இருக்கேன்" என்று மறுபடி வேலையில் இறங்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அது ஆண்டவரா, என் மனசா? கீழ்ப்படிந்தும் ஒன்றுமே நடக்காதவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

எலியாவின் காகம்

இருக்கிறேன், கிட்டத்தட்ட. எனக்கு நடந்தது ஆனால் கேட்ட விஷயத்தில் இல்லை. வேலை மாற்றத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்காக முழங்காலில் நின்றேன். பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை, கடைசியில் நானே யோசித்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த ஜெபங்களின் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒன்று மட்டும் வந்துகொண்டே இருந்தது, அப்பாவைக் கூப்பிடு என்று. நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த காலம் அது. கூப்பிட்டேன். எடுத்தவுடன் அவர் கேட்டது, "யாருக்கு என்ன ஆச்சு?" ஒருவருக்கும் ஒன்றும் இல்லை அப்பா என்றேன். கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. மன்னிப்பு, கண்ணீர் எதுவும் கிடையாது. முழங்கால் மட்டும்தான்.

நடுவரிசை, எரேமியா 32 வாசித்துப் பாருங்கள். தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் நிலத்தை விற்க வருவான் என்று வார்த்தை வருகிறது, அவனும் வருகிறான். அதற்கப்புறம்தான் எரேமியா, அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார். தீர்க்கதரிசிக்கே ஆள் வந்து நின்ற பிறகுதான் உறுதியானது என்றால் உங்களுக்கும் எனக்கும் லிஃப்ட் வாசலில் எப்படித் தெரியும்?

தோமா கட்சி

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பலித்த ஏவுதலை நினைவில் வைக்கிறோம், பலிக்காததை மறந்துவிடுகிறோம். எரேமியாவுக்கு ஆள் வந்தான், நடுவரிசைக்கு "ஏன்" வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

என் கதை வீடு மாற்றும் நாளில் நடந்தது. பெட்டிகள் எல்லாம் கட்டியாயிற்று, வண்டி வாசலில் நிற்கிறது, அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. கடைசியாக ஒரு வசனம் எடுப்போம் என்றார். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தார். லூக்கா 17:32. "லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்." ஊரை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்த்து உப்புத்தூணானவள். அம்மா ஆடிப்போய், பார்த்தாயா, இது எச்சரிப்பு, போக வேண்டாம் என்கிறார். என் மனைவி அதே வசனத்தைக் கையில் எடுத்து, கர்த்தர் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறச் சொல்கிறார், அத்தை என்கிறார். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

அகுஸ்தீன் 386இல் மிலான் தோட்டத்தில் எடுத்துப் படி என்ற குரலைக் கேட்டு ரோமர் 13ஐத் திறந்து மனம் திரும்பியதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்கு முன் வருஷக்கணக்கில் அவர் போராடியதை யாரும் சொல்வதில்லை. நாங்கள் ஏறிவிட்டோம், அது வேறு விஷயம்.

ஒரு அக்கா

தயங்கித்தான் எழுதுகிறேன். என் தம்பிக்கு நிஜமாகவே சத்தம் கேட்டது, ஏவுதல் இல்லை, காதில் கேட்கிற சத்தம். சாப்பிடாதே என்று சொன்னது, சாப்பிடவில்லை. நாங்கள் கூட்டிக்கொண்டு போன ஊழியர் ஒருவர் அதை உபவாச அழைப்பு என்றார், தலையில் கை வைத்துத் துதித்தார். அப்போது அவன் நிற்கக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மனநல மருத்துவரிடம் போனது அதற்குப் பிறகுதான், அதுவும் வீட்டில் சண்டை போட்டு.

மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து அவன் சொன்னது இது: "அக்கா, இப்ப ஜெபம் பண்றப்ப ஒண்ணுமே கேக்கல. அதுதான் நிம்மதியா இருக்கு." இன்றும் ஜெபிக்கிறான், மாத்திரையும் போடுகிறான். கர்த்தரின் சத்தத்தைக் கேட்கப் பழகுவோம் என்று மேடையில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது பயம்.

ரெபெக்காளின் குடம்

அக்கா, உங்கள் தம்பிக்காக ஜெபிக்கிறேன், சண்டை போட்டது நல்லது.

என்னுடையது இதற்கு முன்னால் சின்ன விஷயம். வாலிபர் கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது ஒரு பிரதர் வந்து, கர்த்தர் உங்களை எனக்கு மனைவியாகக் காட்டினார் என்றார். கையில் வேதம், ஈசாக்குக்கு ரெபெக்காளைப் பெண் கேட்கும் இடம், ஆதியாகமம் 24:50, சிவப்பு மையில் அடிக்கோடு: "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது." ஒரு செருப்பு காலில், ஒன்று வெளியே. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, 57ஆம் வசனத்தை வாசியுங்கள் பிரதர் என்றேன். வாசித்தார், சத்தமாகவே வாசித்தார்: "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்." சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அன்று ஆண்டவர் பேசினார் என்றால் அந்த 57தான்.

பழைய நோட்டு

எனக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் வாலிபருக்குச் சில ஆலோசனைகள்.

ஒன்று, உங்கள் சொந்த ஆசையை இறக்கி வையுங்கள். அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் எந்தக் காரியத்திலும் முதலில் தேடியது தனக்கென்று ஒரு விருப்பமும் இல்லாத மனநிலையைத்தான். அப்புறம் வேதம், அப்புறம் சூழ்நிலை, அப்புறம் ஜெபம். அவசரப்படாதீர்கள். எரேமியா 42இல் ஜனங்கள் விசாரிக்கச் சொன்னபின் வார்த்தை வரப் பத்து நாள் ஆனது, தீர்க்கதரிசி அதுவரை சும்மா இருந்தார், ஒன்றையும் கற்பனை செய்து சொல்லவில்லை. தோமா கட்சி இதைக் கவனிக்க வேண்டும், பலித்ததா இல்லையா என்பது மட்டும் அளவுகோல் அல்ல. 1521இல் பாம்ப்லோனா போரில் காலில் குண்டு பட்டுப் படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா ஒன்றைக் கவனித்தார். வீர சாகசக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்து, பிறகு மனதை வறட்சியாக்கின. பரிசுத்தவான்களைப் பின்பற்றும் எண்ணங்கள் போன பிறகும் சந்தோஷம் தங்கியது. ஆகவே எண்ணம் வரும்போது இருக்கும் சுவையைவிட, போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அடுத்தவர் வந்து கர்த்தர் சொன்னார் என்றால் 1 இராஜாக்கள் 13ஐ நினையுங்கள், கிழவனான தீர்க்கதரிசி தூதன் சொன்னதாகப் பொய் சொன்னான், நம்பிப் போனவனைச் சிங்கம் கொன்றது. மௌனம் வந்தாலும் கலங்காதீர்கள். அன்னை தெரேசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் ரயிலில் அழைப்பைப் பெற்றார், அதன்பின் பல பத்தாண்டுகள் உள்ளே இருள்தான், 2007இல் கடிதங்கள் புத்தகமாக வந்தபோது அது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. எல்லோரும் ஒரு நோட்டு வைத்து, வருகிற ஏவுதலை நாள் போட்டு எழுதுங்கள், சகோதரியின் தம்பியும் எழுதலாம்.

ஒரு அக்கா

ஐயா, அவன் எழுதுகிறவன்தான். படுக்கைக்கு அடியிலிருந்து நோட்டுகளை எடுத்துத்தான் நாங்கள் மருத்துவரிடம் காட்டினோம். தயவுசெய்து அவனுக்கு நோட்டு சொல்லாதீர்கள்.

தோமா கட்சி

ஐயா, உங்கள் அனுபவத்தைப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே?

நடுவரிசை

நான் ஆலோசனை கேட்கவில்லை, ஆனாலும் இக்னேஷியஸ் விஷயம் யோசிக்க வைத்தது. எனக்கு மிஞ்சியது சந்தோஷமும் இல்லை, வறட்சியும் இல்லை, கூச்சம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்தப் பெண் வேறு அலுவலகம் போய்விட்டார், கேட்கவும் வழியில்லை.

குடம் சகோதரி, அந்தப் பிரதர் அப்புறம் என்ன சொன்னார்?

ரெபெக்காளின் குடம்

ஒன்றும் சொல்லவில்லை, வேதத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் என் தோழியிடம் வந்தார். அதே வசனம்தானாம், ஆனால் 57க்கு மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது என்று அவள் சொன்னாள்.