1991 இல் ட்ரென்டன் கப்பல் எப்படி இருந்தது?

அட்டையில் கப்பல் மாடல் செய்கிறேன். மேல்தளத்தோடு வேலை நின்றுவிட்டது.

2020 ஜூனில் கொழும்பிலிருந்து நம் ஆட்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதே, ஐ.என்.எஸ். ஜலாஷ்வா, அதே கப்பல்தான். ஆனால் நான் செய்வது அதன் முற்பிறவி: 1971 இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ட்ரென்டன். 1991 ஜனவரியில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அமெரிக்கத் தூதரகத்தில் சிக்கியவர்களை மீட்க, இதிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அந்தக் கோலம்தான் வேண்டும்.

மூன்று வாரமாகத் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் ஒன்று எழுபதுகளின் படம், இல்லையென்றால் 2007 இல் இந்தியாவுக்கு வந்த பிறகு எடுத்தது. விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்த ஒருவரையும் கேட்டேன். அவருக்கு ஜலாஷ்வாவைத்தான் தெரியும். பீரங்கிக்குத் துளை போட்டு, மூடி, மறுபடி போட்டு, அட்டையே கிழிந்துவிட்டது.

1991 ஜனவரியில் அதில் 3 அங்குல இரட்டைப் பீரங்கிகள் எத்தனை இருந்தன, எந்தெந்தப் பக்கம்?