பாட்டில் மூடி கார் ஒரு சாண் கூட ஓட மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மல்லிப்பந்தல்:
வணக்கம். மகளுக்கு ஆறரை வயது, லீவு விட்டாச்சு. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு "வா, ரெண்டு பேரும் ஏதாவது செய்யலாம்" என்று வாயைக் கொடுத்தது நான்தான், இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பதும் நான்தான்.

தண்ணீர் பாட்டிலில் இரண்டு ஊதுபத்திக் குச்சியைக் குத்தி நான்கு மூடி மாட்டி ஒரு கார் செய்தோம். தள்ளினால் ஒரு சாண் போவதற்குள் நின்றுவிடுகிறது, அதுவும் தத்தித் தத்தி. அட்டைப் படகு பக்கெட்டில் விட்ட கொஞ்ச நேரத்தில் ஊறிச் சாய்ந்துவிட்டது. பேப்பர் ராக்கெட் தலைகுப்புற விழுகிறது. "சின்னதா இருக்கறதாலதான் விழுது, பெரிசா செய்" என்று அவள் அடம்பிடித்து முழு சார்ட் பேப்பரில் ஒன்று செய்ய வைத்தாள், அது கொடியிலிருந்து துண்டு விழுந்த மாதிரி தொப்பென்று விழுந்தது.

பேசாமல் ஒரு கிட் வாங்கிக் கொடு என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசில்லை. வீட்டில் இருக்கும் சாமானை வைத்தே ஒன்றாவது உருப்படியாக வர வேண்டும்.

பழைய பட்டறை:
அம்மா, எனக்குத் தெரிந்தது காருக்கு மட்டும்தான். முப்பது வருஷம் லேத்தில் நின்றவன்.

குச்சியை நேராகப் பாட்டிலிலேயே ஓட்டை போட்டுச் சொருகியிருக்கிறீர்கள், அங்கேதான் பிடிக்கிறது. குச்சி சுற்றுவதற்கு வழுவழுப்பான ஒரு குழாய் வேண்டும். ஸ்ட்ரா நல்லது, ஆனால் தமிழ்நாட்டில் 2019-ல் தடை வந்ததிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரா கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார், காகித ஸ்ட்ரா நசுங்கிவிடும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் கூடு இருக்கிறதல்லவா, அதை ஆக்சா பிளேடால் பாட்டிலின் அகலத்துக்கு அறுத்து (இது உங்கள் வேலை, பிள்ளை கையில் பிளேடு வேண்டாம்) அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள், கோணினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். குச்சி குழாய்க்குள் சுற்ற வேண்டும், மூடி குச்சியோடு இறுக வேண்டும், பலபேர் இதை மாற்றிச் செய்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

தத்தித் தத்திப் போவது மூடியின் ஓட்டை நடுவில் இல்லாததால்தான். மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து வெட்டி, நாலாக மடித்துப் பிரித்தால் கோடுகள் வெட்டும் இடம்தான் நடு. அதை மூடி மேல் வைத்துக் காய்ச்சிய ஆணியால் குத்துங்கள்.

அப்புறம் குழந்தை "தானா ஓடணும்" என்று கேட்கும். முன்பக்கம் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி மறு முனையைப் பின் அச்சில் சுற்றுங்கள். அச்சில் முடிச்சுப் போடக்கூடாது, சின்னக் கொக்கியில் மாட்டினால் போதும், இல்லையென்றால் பிரிந்து முடித்ததும் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். மொசைக் தரையில் சக்கரம் வழுக்கினால் பழைய பலூனை வளையமாக வெட்டிப் பின் மூடிகளில் மாட்டுங்கள். அதுதான் டயர்.

தேரிக்காடு:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? நுங்கு சீசன்தானே. நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் காய்க்கூடு (எங்கள் பக்கம் கூந்தல் என்போம்) ரெண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு, முடிந்தது வண்டி. எங்கள் ஊரில் அதற்கு ஹார்ன் வாயாலேயே அடிப்போம். நாலைந்து நாளில் காய்ந்து சுருங்கிவிடும், அடுத்த நுங்கு தின்ன அது ஒரு சாக்கு. அறுந்த ரப்பர் செருப்பில் வட்டமாகச் சக்கரம் வெட்டினால் மாசக்கணக்கில் வரும், அப்பாவின் அறுந்துபோகாத செருப்பை வெட்டி நான் வாங்கிய அடியும் அப்படித்தான்.

கரையோரம்:
படகுக்கு அட்டையை விடுங்கள். ஊறாதது எது? வாழை மட்டை, தென்னம்பாளை, தெர்மகோல், பால் பாக்கெட் கவர் சுற்றிய எதுவும். சாய்கிறது என்றால் கனம் மேலே இருக்கிறது, அடியில் இரண்டு நாணயத்தை ஒட்டுங்கள்.

ஆனால் ஆறு வயதுக்கு நான் சொல்வது சூடம் படகுதான். தாம்பாளம் நிறையத் தண்ணீர். பாக்கெட் கவரில் விரல் நீளத்துக்குப் படகு மாதிரி வெட்டி, பின்பக்கம் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, அதில் மிளகளவு சூடத்தைச் சொருகி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி மெதுவாக விடுங்கள். தானாக ஓடும்! சூடம் கரைகிற இடத்தில் தண்ணீர்ப் பரப்பின் இழுவிசை குறைகிறது, முன்பக்கம் அப்படியே இருப்பதால் படகை அது இழுத்துக்கொண்டு போகிறது. பாத்திரத்தில் எண்ணெய் இருந்தால் அசையாது. என் பையனுக்கு முதல் நாள் ஓடவே இல்லை, கடைசியில் பார்த்தால் நான் தோசைக்கு எண்ணெய் தொட்ட கையோடு படகைப் பிடித்திருக்கிறேன். சூடம் வாய்க்குப் போகக்கூடாது, கற்கண்டு என்று நினைத்துவிடுவார்கள், பக்கத்திலேயே இருங்கள்.

மொட்டைமாடி:
"பெரிசா செய்" என்று உங்கள் பெண் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், ரைட் சகோதரர்களும் இதையேதான் செய்தார்கள். 1878-ல் அவர்கள் அப்பா தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் பேண்ட் வைத்த ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார், பிரான்சில் பெனோ என்பவர் உருவாக்கிய மாதிரி. வில்பருக்கு 11 வயது, ஆர்வில்லுக்கு 7. அதைப் பார்த்து இவர்களே செய்தார்கள், பெரிதாக்கப் பெரிதாக்கப் பறக்கவில்லை. நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. உங்கள் சார்ட் விமானத்தில் இன்னொரு சங்கடம், இறக்கை தொய்ந்துவிடும்.

சாதாரண ஏ4 தாளுக்கே திரும்புங்கள். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். தலைகுப்புற விழுந்தால் இறக்கையின் பின் ஓரத்தை இரண்டு பக்கமும் நெல்மணி அளவு மேலே வளைத்துவிடுங்கள். மேலே எம்பி நின்று விழுந்தால் மூக்கில் ஒரு ஜெம் கிளிப். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது வேலை செய்தது என்று அவளே சொல்லட்டும். முக்கியம்: ஃபேனை நிறுத்துங்கள். நாங்கள் ஒரு மத்தியானம் முழுக்க இறக்கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கிட் பற்றி: அரவிந்த் குப்தா ஐஐடியில் படித்துவிட்டு தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், குப்பை என்று வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்குப் பொம்மை செய்து காட்டியவர், அவர் இணையதளத்தில் எல்லாம் இலவசம். வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

மல்லிப்பந்தல்:
எல்லோருக்கும் நன்றி. பட்டறை ஐயா, பேனாக்கூடு போட்டோம், ஹாலில் ஆரம்பித்து சமையலறை வாசல்படி வரை போய் இடித்தது! சூடம் படகும் ஓடியது, ஆனால் கொஞ்ச நேரத்தில் படகு ஓடுவதை விட்டுவிட்டு "சூடம் எங்கம்மா போச்சு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஏதோ சமாளித்திருக்கிறேன். இன்று காலை பூஜை அலமாரியில் சூடம் டப்பா காலி, மாமியார் தேடிக்கொண்டிருக்கிறார்.