டிசம்பர் லீவுக்கு யூரோப் பேக்கேஜ், அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா?

கொட்டகலைக்காரன்
வணக்கம். கொழும்புல ஒரு ஏஜென்சில 8 நாள் வின்டர் டூர் போடுறாங்க. பாரிஸ்ல இறங்கி பஸ்ல சுவிஸ் போய் ஜுங்ஃப்ராயோக் உச்சிக்கு ரயில்ல ஏத்தி ஸ்னோ காட்டி கூட்டிட்டு வர்றது, கைட், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள. நான், வைஃப், மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 5, அப்புறம் எங்க அம்மா. அம்மாவுக்கு 66, முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்து எடுத்தவங்க. பேரப்புள்ளைங்க போன்ல ஸ்னோ வீடியோ காட்டுனதுல இருந்து அவங்களுக்கும் ஒரே ஆசை. வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம், போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

ஏழாம்_நம்பர்_மலை
வேணாம் அண்ணே. நாங்க இதே மாதிரி ஒண்ணுல போய் பட்டுட்டு வந்தோம். டிசம்பர்ல பாரிஸ்ல விடியவே எட்டே முக்கால் ஆகுது, அஞ்சு மணிக்கு இருட்டிடுது. அந்த எட்டு மணித்தியால வெளிச்சத்துல பாதி பஸ்லயே போயிடும். பாரிஸ்ல இருந்து சுவிஸ் மலைப்பக்கம் 600 கிலோமீட்டருக்கு மேல, டிரைவர் நாலரை மணித்தியாலம் ஓட்டுனா 45 நிமிஷம் நிக்கணும்னு அங்க சட்டம், கைட் கத்துனாலும் எடுக்க மாட்டான். இதுல மலைக்கு நாங்க போன அன்னைக்கு முழுக்க மேகம். டிக்கட் அந்தத் தேதிக்கு போட்டாச்சு மாத்த ஏலாதுன்னுட்டாங்க. ஏறிப் பார்த்தா வெள்ளையா ஒண்ணுமே தெரியல, இந்த மிஸ்ட்ட பார்க்கவா லட்சக்கணக்குல கட்டுனோம், நானுஓயா ஸ்டேஷன்ல சும்மாவே நின்னு பார்த்திருக்கலாமேன்னு என் வைஃப் கேட்டா 😂

லிந்துலை அக்கா
தம்பி, உங்க ஏஜென்ட் சரியில்லைன்னா பேக்கேஜே தப்பா? நாங்களும் போன வருஷம் மாமியாரோட குரூப்லதான் போனோம். எங்க கைட் காலையிலயே உச்சியில இருக்கிற வெப்கேம போன்ல பார்த்துட்டு இன்னைக்கு மூடியிருக்கு, நாளைக்குப் போவோம்னு மாத்திட்டார். மறுநாள் பளிச்சுன்னு வெயில். சின்னப்புள்ள, வயசானவங்க, அஞ்சு பெட்டி, இதெல்லாம் தூக்கிக்கிட்டு ஸ்னோவுல ரயில் மாறி மாறி நீங்களாவே போயிடுவீங்களா?

ஏழாம்_நம்பர்_மலை
அக்கா, உங்களுக்கு நல்ல கைட் அமைஞ்சாரு, எல்லாருக்கும் அமையுமா? விழுந்த கதைய நான் இன்னும் சொல்லல. ஹோட்டல் வாசப்படியில தண்ணி பட்டு நனைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, அது ஐஸ். மழையில சறுக்குற மலையில தலையில கூடையோட ஏறி இறங்குன எங்கம்மா, நாலு படியில வழுக்கி கைய ஊனி மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. கால்ல போட்டிருந்தது இங்க வாங்குன கேன்வஸ் சப்பாத்து.

லிந்துலை அக்கா
ஐயோ பாவம். ஆனா ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போனா?

ஏழாம்_நம்பர்_மலை
கைட்தான். 🙄 இன்சூரன்ஸ்ல பில்லும் கட்டுனாங்க, அத நான் மறைக்கல.

பதுளை மச்சான்
நடுவுல நான் ஒண்ணு சொல்றேன். ஸ்னோதான் வேணும்னா மனாலி போங்களேன், இந்தியா ஈ-விசா ஆன்லைன்லயே எடுக்கலாம். 2020ல திறந்த அடல் டனல், 9 கிலோமீட்டர், அதைத் தாண்டுனா அந்தப் பக்கம் சிஸ்ஸுன்னு ஒரு ஊர், டிசம்பர் ஜனவரில போனா பெரும்பாலும் ஸ்னோ இருக்கும். சென்னையில இருந்து தமிழ் ஆள் கூட வர்ற குரூப்பும் இருக்கு, அம்மாவுக்கு பேச்சுத்துணை. யூரோப் விசாவுக்கே பெரியவங்க ஆளுக்கு 90 யூரோ, 9 வயசு புள்ளைக்கு 45, ஆறு வயசுக்கு கீழ இல்ல. உங்க வீட்டுக்கு 315, விசா சென்டர் சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனா காசு திரும்பாது. பெரியவங்க கைரேகை வைக்க கொழும்புக்கு நைட் பஸ் வேற.

லிந்துலை அக்கா
மனாலி நல்ல யோசனைதான். ஆனா அவங்க கேட்டது யூரோப். கொட்டகலை தம்பி, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்ன ஏஜென்ட்கிட்ட ஒண்ணு கேளுங்க: மேகமா இருந்தா கைட் நாள மாத்தலாமா, சுவிஸ்ல ஒரே ஹோட்டல்ல எத்தனை நைட்? ஒரு நைட்டுன்னு சொன்னா காச எடுத்து வச்சுக்கங்க, மாத்த நாளே கிடையாது. அம்மாவுக்கு பிரஷர் இருந்தா டொக்டர்கிட்டயும் காட்டுங்க. அந்த உச்சி 3454 மீட்டர், நுவரெலியா 1868தான். நம்ம குளிருக்குப் பழகியிருக்கோம், அந்த உயரத்துக்கு இல்ல.

ஏழாம்_நம்பர்_மலை
இதுல அக்கா சொல்றது சரி. ரெண்டு நைட்டாவது இல்லைன்னா வேணவே வேணாம். ஜக்கெட் நுவரெலியா பேல் பஜார்ல எடுத்துக்கலாம், சப்பாத்து மட்டும் அடி பிடிக்கிறதா பார்த்து வாங்குங்க, அதுல காசு பார்க்காதீங்க.

கொட்டகலைக்காரன்
இப்பதான் ஏஜென்ட்டுக்கு கோல் எடுத்தேன். சுவிஸ்ல ஒரு நைட்டாம், நாள் மாத்த முடியாதாம். கேட்டதுக்கு கொஞ்சம் கோவமும் வந்துருச்சு அவருக்கு. வெள்ளிக்கிழமை கட்டல. வேற ஏஜென்சி பார்க்கிறேன், இல்லைன்னா மச்சான் சொன்ன மனாலி. அம்மாகிட்ட விவரமா சொன்னேன், எல்லாத்தையும் கேட்டுட்டு "அங்க வெத்தல கிடைக்குமாடா"ன்னு கேக்குறாங்க.

லிந்துலை அக்கா
யூரோப்னா இங்க இருந்து கொண்டு போக ஏலாது, பச்சை இலைக்கு சான்றிதழ் இல்லைன்னா கஸ்டம்ஸ்ல எடுத்துருவாங்க. எங்க மாமியார் எயார்போட்லயே அத்தனையும் ஒரே வாயில போட்டாங்க. மாசி (காய வச்ச சூரை மீன்), கருவாடு விடுவாங்க, பயப்படாதீங்க.