அக்ரிலிக் அமிலம் சேர்த்தால் பாலிஸ்டைரீன் துகள்களின் அளவு ஒரே சீராக வரவில்லை – உதவி தேவை

முறை சிதறல் பாலிமராக்கம் (கரைப்பானில் கரைந்த ஸ்டைரீன் பாலிமராகி, கரையாத துகள்களாகப் பிரியும் முறை). 250 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை, 70°C எண்ணெய்க் குளியல், நைட்ரஜன், நிமிடத்துக்கு 100 சுற்று. எத்தனால் 80 மி.லி., ஸ்டைரீன் 10 கி., பி.வி.பி. கே-30 (துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பாலிவினைல்பிரோலிடோன்) 1.5 கி., ஏ.ஐ.பி.என். (வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்) 0.1 கி., 24 மணி நேரம்.

அமிலம் இல்லாமல் செய்தால் 2 மைக்ரான் அளவில் எல்லாத் துகளும் ஒன்றுபோல் வருகின்றன. புரதம் பிணைக்க மேற்பரப்பில் கார்பாக்சில் (அமிலத் தொகுதி) வேண்டும் என்பதால் ஸ்டைரீன் எடையில் 4% அக்ரிலிக் அமிலத்தை ஆரம்பத்திலேயே சேர்த்தால் கலங்கல் தாமதமாகத் தட்டுகிறது. மின்நுண்ணோக்கியில் பெரிய துகள்களுக்கு நடுவே பொடிப்பொடியாக 0.3–0.5 மைக்ரான் துகள்கள். அமிலம் கலந்த சங்கிலி எத்தனாலில் கூடுதலாகக் கரைவதால் கருவாகும் காலம் (புதுத் துகள்கள் உருவாகும் கட்டம்) நீள்கிறது, அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தடுப்பானை நீக்க ஸ்டைரீனை அலுமினா வழியாக வடித்தாயிற்று. ஏ.ஐ.பி.என்.-ஐ மெத்தனாலில் மறுபடிகமாக்கியும் பார்த்தாயிற்று. பி.வி.பி.-யை 2 கிராமாக ஏற்றினால் பெரிய துகள்களும் சிறுத்தனவே தவிர, பொடி போகவில்லை. 6 மணி நேரம் கழித்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது அளவு சீரானது. ஆனால் நன்கு கழுவிக் கடத்துத்திறன் தரம்பார்த்தால் (காரம் விட்டபடி மின்கடத்துத்திறனை அளந்து அமிலத்தைக் கணக்கிட்டால்) துகளில் கார்பாக்சில் மிகக் குறைவு. குடுவைச் சுவரில் வழவழப்பான கட்டி வேறு. பாலிஅக்ரிலிக் அமிலம் பி.வி.பி.-யோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்து படிகிறதோ என்று சந்தேகம்.

அளவின் சீரும் கெடாமல், கார்பாக்சிலும் துகளிலேயே தங்க, ஸ்டைரீன் எத்தனை சதவீதம் பாலிமராக மாறியிருக்கும்போது அமிலத்தை விடுகிறீர்கள்?