விவரப் பலகையை முதலில் படிப்பதா, ஓவியத்தை முதலில் பார்ப்பதா?

சாளரம்:
ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போயிருந்தேன். விவரப் பலகை எதையும் படிப்பதில்லை என்ற முடிவோடுதான் உள்ளே நுழைந்தேன். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஒரு முழ உயரம்தான். அதன் முன் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அவளுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர். அதில் ஓர் ஆணி, ஆணியின் சின்ன நிழல், பிடுங்கிய ஆணிகள் விட்டுப்போன துளைகள். கண் கலங்கிவிட்டது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ முன் கூட்டத்தோடு நின்றபோது ஒன்றுமே தோன்றவில்லை. பெரிய இருட்டு, நிறைய ஆட்கள், அவ்வளவுதான். படிக்காமல் பார்த்தால்தான் எது நம்மைத் தொடுகிறது என்று தெரியும் என்பது என் கட்சி.

கரிக்கோல்:
‘பெரிய இருட்டு’ என்கிறீர்களே, அங்கேதான் உங்கள் முறை உங்களைக் கைவிட்டிருக்கிறது. அது இரவே இல்லை, பகல். மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தக் காவல்படையின் தலைவர் நீட்டிய கையின் நிழல் துணைத்தலைவரின் மஞ்சள் அங்கியில் விழுவதைப் பார்த்தீர்களா? வெயில் இல்லாமல் அந்த நிழல் ஏது? 1642-இல் வரைந்த அந்த ஓவியம் நகர மண்டபச் சுவரில் அடங்கவில்லை என்று 1715-இல் நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கம்தான் அதிகம் போனது. மையத்திலிருந்து வலப்புறம் தள்ளி நின்ற தலைவர் நடுவுக்கு வந்துவிட்டார். படை கிளம்பி நடக்கும் வேகம் அதனால் தளர்ந்துவிட்டது. உங்களுக்கு ஒன்றும் தோன்றாததற்கு அந்தக் கத்தரிக்கோலும் ஒரு காரணமாக இருக்கலாம். பலகையைப் படித்திருந்தால் அந்த இழப்பாவது உறைத்திருக்கும்.

ஈரமை:
நான் சாளரம் பக்கம். லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் ராத்கோவின் அடர்சிவப்பு ஓவியங்கள் மங்கிய ஒளியில் தொங்கும் அறைக்குப் போவதற்கு முன்பே ஒரு செய்தியைப் படித்திருந்தேன். அவை லண்டன் வந்து சேர்ந்த அதே நாளில், 1970 பிப்ரவரி 25 அன்று, அவர் தற்கொலை செய்துகொண்டார். உள்ளே போனதும் எல்லாச் சிவப்பும் காயமாகவே தெரிந்தது. அழுதேன். படத்துக்காக அழுதேனா, செய்திக்காக அழுதேனா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு உணவகத்துக்காக அவற்றை வரையத் தொடங்கி, பிறகு தர மறுத்தார் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அதை முதலில் படித்திருந்தால் அதே சிவப்பில் கோபத்தைக் கண்டிருப்பேன். அது என் கண்ணுக்கு நான் செய்த அநியாயம்.

கரிக்கோல்:
ராத்கோ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மரணச் செய்தி எதையும் அமுக்கிவிடும். ஆனால் சாளரத்தின் வெள்ளைச் சுவருக்கு வருகிறேன். அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அந்த ஓவியத்தை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அவள் தலைக்குப் பின்னால் வெர்மீர் முதலில் கூஜாக்கள் தொங்கும் ஒரு மரச்சட்டத்தை வரையத் தொடங்கியிருக்கிறார். பிறகு அதன்மேல் சுவரைப் பூசிவிட்டார். உங்களைக் கலங்கவைத்த வெறுமை அவர் அழித்து உண்டாக்கியது. இது தெரிந்தால் அந்தச் சுவர் குறைந்துவிடுமா?

சாளரம்:
குறையாது. படித்ததும் மனம் ஒரு கணம் நின்றுவிட்டது. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் நான் சட்டத்தின் சுவட்டைத்தான் தேடியிருப்பேன். ஆணியைப் பார்த்திருக்க மாட்டேன். ‘இரவுக் காவல்’ பற்றி நீங்கள் சொன்னது நியாயம். இன்னொரு முறை போனால் அந்தக் கை நிழலைத் தேடுவேன்.

கரிக்கோல்:
பால் ஊற்றும் பெண்ணின் அறையில் வலப்பக்கம் தரையில் ஒரு சிறு மரப்பெட்டி இருக்கிறதே, அது குளிருக்குக் கால்களைச் சூடாக்கிக்கொள்ளும் கணப்பு. தெரியாதவருக்கு எத்தனை மணி நேரம் நின்றாலும் அது பெட்டிதான்.

சாளரம்:
பார்த்தேன். பெட்டி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்தாலும் அந்த அறை குளிராக இருக்கிறது என்று அங்கே நின்றபோதே எனக்குத் தோன்றியது.